கொள்ளுப்பாட்டியைத் தேடிக் கொடுக்கும் கோபன்ஹேகன் போலீஸ்!

உங்களுக்குத் தெரியுமா? டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலீஸார் வருடத்துக்கு இரண்டு முறை ஆள் கணக்கு எடுத்தார்கள். ஏதோ ஓரிரு வருடம் அல்ல. 1866 தொடங்கி 1923 வரை, 58 வருடங்கள்!

அதே காலத்தில் டென்மார்க் அரசு நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகைக் கணக்கு எத்தனை? 1870, 1880, 1890, 1901, 1906, 1911, 1916, 1921. எட்டே எட்டு! தலைநகருக்கென்று தனியாக 1885-லும் 1895-லும் எடுத்ததைச் சேர்த்தாலும் பத்துதான். போலீஸ் எடுத்ததோ நூறைத் தாண்டும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமத்துப் பெண் ஒருத்தி 1891-ல் வீட்டு வேலைக்காகக் கோபன்ஹேகன் வருகிறாள். 1894-ல் ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். 1890 கணக்கெடுப்பிலும் அவள் இல்லை, 1895-லும் இல்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் அந்த நகரத்துக்கு வந்ததே இல்லை! போலீஸ் தாளில்? எட்டு முறை வரை அவள் பெயர் இருக்கலாம்!

எப்போது எடுத்தார்கள்? மே மாதமும் நவம்பர் மாதமும். அந்த மாதங்களைப் பிடித்ததில்தான் சூட்சுமம்! கோபன்ஹேகன்காரர்கள் வீடு மாற்றும் நாட்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். வேலைக்காரர்கள் எஜமானை மாற்றும் நாள் மே 1, நவம்பர் 1. ஊரே மூட்டை முடிச்சோடு இடம் மாறி அடங்கியதும் போலீஸ் தாளை விரித்துவிடும்!

பெரியவர்கள் மட்டுமா? 10 வயதைத் தாண்டினால் போதும், போலீஸ் தாளில் பெயர் ஏறிவிடும்!

வீட்டுக்காரர் மட்டுமல்ல, அவர் மனைவி, மாடியறையில் தங்கிய வாடகைக்காரர், சமையலறையில் வேலை பார்த்த பெண் எல்லாரும் ஒரே தாளில். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இந்தத் தாள்தான் தங்கச் சுரங்கம் என்று அடித்துச் சொல்வேன். சொத்துள்ளவர்களைப் பத்திரங்களில் பிடித்துவிடலாம். ஒண்டுக்குடித்தனக்காரரை இங்கேதான் பிடிக்க முடியும்!

முகவரி எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? தெருவும் கதவு எண்ணும் அவர்களுக்குப் போதாது. முன்கட்டா, பக்கக்கட்டா, பின்கட்டா? எத்தனையாவது மாடி? நிலவறையா, கூரையடி அறையா? அத்தனையும் உண்டு! தெருவைப் பார்த்த முன்கட்டில் ஒரு வியாபாரி குடும்பம், அதே கதவு எண்ணில் இருட்டுப் பின்கட்டில் ஆறு கூலிக் குடும்பங்கள் என்றால், உங்கள் முன்னோர் எந்தப் பக்கம் என்பது ஒரே எழுத்தில் தெரிந்துவிடும்!

அந்தக் கதவு எண்களே புதுசு! கோபன்ஹேகன் தெருக்களில் எண் போட்டது 1859-ல்தான். அதற்கு முன்பு பேட்டையின் பெயரும் மனையின் பதிவு எண்ணும்தான் முகவரி!

ஒரு சிக்கல். இந்தத் தாள்கள் பெயர்வாரியாக இல்லை, தெருவாரியாக இருக்கின்றன. தெரு தெரியாவிட்டால் லட்சக்கணக்கான பெயர்களுக்கு நடுவே திண்டாட்டம்! இதற்கு மருந்தும் போலீஸே வைத்திருக்கிறது. 1890-ல் பெயர்வாரியாகக் கார்டு போட ஆரம்பித்தார்கள். 1923 வரை சேர்ந்த கார்டுகள் சுமார் 14 லட்சம்!

கார்டில் என்ன இருக்கும்? முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தொழில், மனைவி பெயர், குழந்தைகள் பெயர். அப்புறம் வரிசையாக முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் தேதி! ஒரு மனிதர் முப்பது வருடம் நகரத்துக்குள் எங்கெங்கே அலைந்தார் என்பது உள்ளங்கை அகல அட்டையில்!

சும்மா அலையவில்லை, சிலர் வருடத்துக்கு இரண்டு முறை வீடு மாறியிருக்கிறார்கள். கார்டில் இடமே தீர்ந்துபோகும் அளவுக்கு! வாடகை ஏறினால் ஒரு மாற்றம், குழந்தை பிறந்தால் ஒரு மாற்றம், வேலை போனால் மறுபடியும். முகவரிகளை மேலிருந்து கீழே படியுங்கள். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு இறங்கிய குடும்பம், நிலவறையிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறிய குடும்பம் என்று குடும்பத்தின் ஏற்ற இறக்கமே தெரியும்! இதைவிடச் சுவாரஸ்யமான காகிதத்தை நான் பார்த்ததில்லை!

பிறந்த தேதி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 1890 வரை டேனிஷ் மக்கள்தொகைக் கணக்கில் வயது மட்டுமே இருக்கும். பிறந்த தேதி வந்தது 1901-லிருந்துதான்! பிறந்த தேதியும் ஊரும் கையில் இருந்தால் நேராக அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டைத் திறக்கலாம். ஒரு தலைமுறை பின்னால் போயாச்சு!

கெட்டிக்காரர்கள் செய்வது இதுதான். முதலில் பெயர்க் கார்டு. அதிலிருந்து முகவரியும் தேதியும். அப்புறம் அதே தெருவின் மே அல்லது நவம்பர் தாள். இப்போது பாட்டனார் மட்டுமல்ல, பக்கத்து அறையில் இருந்தவர்களும் தெரிவார்கள். கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அந்நியர் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களே, அவர் எதிர் அறைக்காரராகவே இருக்கலாம்!

1890-க்கு முன்னால் என்றால்? கோபன்ஹேகனின் முகவரிப் புத்தகத்தைத் தூக்குங்கள். அது முதலில் வெளிவந்த வருடம் 1770! தொழில், பெயர், முகவரி எல்லாம் அச்சில்!

இவ்வளவையும் பார்க்க விமானம் ஏற வேண்டாம். கார்டுகள் இணையத்தில், இலவசமாக! கிறுக்கல் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துத் தேடுபட்டியல் செய்து கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். சம்பளம் ஒரு குரோனர்கூடக் கிடையாது! அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

திடீரென்று கார்டு நின்றுவிட்டதா? இறந்துவிட்டார் என்று அழ வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்! பிரெட்ரிக்ஸ்பெர்க் என்ற ஊர் நான்கு பக்கமும் கோபன்ஹேகனால் சூழப்பட்டது. ஆனால் அது தனி நகராட்சி. இன்றைக்கும் தனிதான்!

உண்மையிலேயே இறந்திருந்தால் அதற்கும் ஏடு உண்டு. 1861 முதல் 1942 வரையிலான கோபன்ஹேகன் அடக்கப் பதிவேடுகளில் பெயரோடு மரணத்துக்கான காரணமும் கிடைக்கும்!

இல்லாத தெருவில்கூட ஆள் தேடலாம்! பேடர் மேட்ஸென்ஸ் கேங் என்று ஒரு சந்து. கோபன்ஹேகனிலேயே மிக மோசமான குடியிருப்பு என்று பெயர் வாங்கியது. 1870-களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கல்லும் மிச்சமில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் மட்டும் போலீஸ் தாளில் பத்திரம்!

அந்த நகரம் வீங்கிய வேகம் தெரியுமா? 1850-ல் சுமார் 1,30,000 பேர், எல்லாரும் கோட்டைச் சுவருக்குள் நெருக்கிக்கொண்டு. 1853-ல் காலரா வந்தது. சில மாதங்களில் சுமார் 4,700 உயிர்கள்! அதற்குப் பிறகு சுவர்களுக்கு வெளியே நகரம் பாய்ந்தது. 1901-ல் 3,75,000-ஐயும் தாண்டிவிட்டது. இத்தனை பேரையும் காகிதத்தில் துரத்திக்கொண்டே இருந்தது போலீஸ்!

உலகமே கொண்டாடும் கதைசொல்லி ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனுக்குச் சொந்த வீடே கிடையாது! காலமெல்லாம் வாடகை அறைதான். முதன்முதலாகச் சொந்தக் கட்டில் வாங்கியபோது அவருக்கு வயது 61. வருடம் 1866. போலீஸ் கணக்கு ஆரம்பித்த அதே வருடம்!

பெயர்க் குழப்பம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜென்ஸின் மகன் ஹான்ஸ் என்றால் அவர் ஹான்ஸ் ஜென்சன். அவர் மகன் நீல்ஸ் என்றால் நீல்ஸ் ஹான்சன். நம் ஊர் இனிஷியல் மாதிரியே, தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது! குடும்பப் பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்று 1828-ல் அரசாணை வந்தும் கிராமங்கள் லேசில் விடவில்லை. ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் ஹான்சன்கள் வந்து நிற்பார்கள். பிறந்த தேதியைச் சேர்த்துத் தேடுங்கள், கூட்டம் கலைந்துவிடும்!

1904-ல் இன்னொரு திருப்பம். குடும்பப் பெயரை எளிதாக மாற்றிக்கொள்ளப் புதுச் சட்டம்! காலையில் ஜென்சன், மாலையில் வேறு யாரோ. உங்கள் ஆள் காணாமல் போனது இந்தச் சட்டத்தாலும் இருக்கலாம்!

பட்டியலில் ‘ஆகார்ட்’ என்ற பெயரை முதல் பக்கத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. டேனிஷ் வரிசையில் இரட்டை ‘ஏ’ போட்டுத் தொடங்கும் பெயர்கள் ‘இசட்’டுக்கும் பின்னால், கடைசிப் பக்கத்தில்!

பழைய ஏடுகளில் மாதத்துக்கு 7 என்று போட்டு, பக்கத்தில் ‘பிஆர்’ என்று இரண்டு குட்டி எழுத்து இருக்கிறதா? ஜூலை இல்லை, செப்டம்பர்! 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், 10 போட்டால் டிசம்பர். இது தெரியாமல் எத்தனை பேர் பாட்டனாரின் பிறந்தநாளை இரண்டு மாதம் முன்னால் தள்ளியிருப்பார்களோ!

இன்னும் பின்னால் போனால் தேதியே காணாமல் போகும். டென்மார்க்கில் 1700-ஆம் வருடம் பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. நடுவில் 11 நாட்கள் மாயம்!

கப்பல் ஏறியவர்களையும் போலீஸ் விடவில்லை. 1868-ல் சட்டம் போட்டார்கள். பயண முகவர் விற்கும் ஒப்பந்தச் சீட்டுக்குப் போலீஸ் ஒப்புதல் கட்டாயம். 1869 முதல் கோபன்ஹேகன் போலீஸ் எழுதிய குடிபெயர்வு ஏடுகளில் 1908 வரைக்கும் மட்டும் சுமார் 3,94,000 பேர்! பெயர், வயது, தொழில், கடைசியாக வாழ்ந்த ஊர், போகும் இடம் எல்லாம் வரிசையாக. அமெரிக்காவில் டேனிஷ் வேர் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் கதவு. கோபன்ஹேகன் வழியாகப் போன ஸ்வீடன்காரர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள்!

உள்ளே வந்தவர்கள்? 1875 சட்டப்படி வேலை தேடி வந்த வெளிநாட்டாருக்குப் போலீஸ் கொடுத்தது தங்கல் புத்தகம். கையில் புத்தகம் இல்லையென்றால் வேலை தேட முடியாது!

உள்ளூர் வேலைக்காரர்களுக்கும் நடத்தைப் புத்தகம் இருந்தது. எந்த வீட்டில் எப்போது சேர்ந்தாள், எப்போது விலகினாள், எல்லாம் அதில் ஏறும். 1832-ல் வந்த இந்த வழக்கம் ஒழிந்தது 1921-ல். கிட்டத்தட்ட 90 வருடங்கள்! சில குடும்பங்களில் அலமாரி அடியில் இன்னமும் கிடக்கிறது. கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு பெண்ணின் உழைப்பு முழுதும் அதற்குள் இருக்கிறது!

தேடல் முட்டி நிற்கும் இடமும் ஒன்று உண்டு. கோபன்ஹேகனின் அரச பிரசவ இல்லம், 1785-ல் வந்தது. கல்யாணமாகாத பெண் அங்கே போய்ப் பெயர் சொல்லாமலே குழந்தை பெற முடிந்தது. பதிவேட்டில் அம்மாவின் பெயருக்குப் பதிலாக ஒரு எண்! அவளைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அந்த எண்ணுக்கு முன்னால் இன்று கைகட்டி நிற்கும் கொள்ளுப்பேரன்கள் ஏராளம்!

தேவாலயங்களின் கெட்டிக்காரத்தனத்தையும் கேளுங்கள். 1814 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் இரண்டு ஏடுகளில் எழுத வேண்டியிருந்தது. இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி! ஒரு வீடு எரிந்தாலும் ஒரு ஏடு பிழைக்கும்!

நம் கடற்கரையிலும் டேனிஷ் குடும்பக் கதை உண்டு. தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டென்மார்க் கையில். அங்கே டேனிஷ்காரர்களுக்காக எழுந்த சீயோன் தேவாலயத்துக்கு வயது 300-க்கும் மேல், கட்டியது 1701! தரங்கம்பாடியில் 1762-ல் பிறந்த ஒரு பெண், பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் தாலேராந்தின் மனைவியானார்!

போலீஸ் கணக்கு 1923-ல் ஏன் நின்றது? 1924-ல் நாடு முழுவதற்கும் குடிமக்கள் பதிவேடு வந்துவிட்டது. கோபன்ஹேகன் போலீஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்ததை இனி ஒவ்வொரு ஊரும் செய்தாக வேண்டும்!

1968-ல் ஆளுக்கொரு எண். மொத்தம் 10 இலக்கம். முதல் ஆறு, பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 1980-களில் இலங்கையிலிருந்து அங்கே போய்க் குடியேறிய தமிழர்களின் கையிலும் அதே 10 இலக்கம்!