‘நன்றாயிருக்கிறது’ என்றால் போதுமா?

இரவு பதினோரு மணி. வீடு உறங்கிவிட்டது. மாடி அறையில் ஓர் இளைஞன் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான். காதில் ஹெட்போன். பக்கத்தில் வீணை இல்லை, மிருதங்கம் இல்லை. ஆயினும் அவன் சங்கீதம் செய்துகொண்டிருக்கிறான். தாளமும் மெட்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறக்கின்றன. இரண்டு மாத உழைப்பில் நான்கு நிமிஷ இசை ஒன்று உருவாகிவிட்டது. மறுநாள் அதை நண்பனுக்குப் போட்டுக் காட்டுகிறான்.

“பிரமாதம்!” என்கிறான் நண்பன்.

அண்ணனோ, “என்னடா இது, மாவு மில் சத்தம் மாதிரி இருக்கு?” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இவ்விரண்டு அபிப்பிராயங்களாலும் அந்த இளைஞனுக்கு எள்ளளவும் பிரயோஜனம் இல்லை. முன்னது அவனை இருந்த இடத்திலேயே இருத்திவிடும். பின்னது கம்ப்யூட்டரை மூடிவைக்கச் செய்துவிடும்.

சொந்தக் காது ஏமாற்றும்

மற்றச் சங்கீதத்தில் மெட்டமைப்பவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர், ஒலிப்பதிவு செய்பவர் வேறொருவர். வீட்டில் மின்னணு சங்கீதம் செய்பவரோ மூன்று வேலைகளையும் தாமே பார்க்கிறார். ஒரே பகுதியை நூறு தடவை கேட்ட பிறகு காது மரத்துவிடுகிறது. தான் எழுதிய கடிதத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாதல்லவா? அதே கதைதான். இன்னொருவர் காது கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் காதுக்குரியவர் எப்படிப் பேச வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிகாகோவில் நடந்தது

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981-ம் வருஷம் டி.பி.-303 என்றொரு சிறு கருவியை வெளியிட்டது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் வித்வானுக்குப் பக்கவாத்தியமாகப் பேஸ் கிட்டார் நாதத்தைக் கொடுப்பது அதன் வேலை. உண்மையான பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவில்லை. விற்பனை படுத்துவிட்டது. 1984-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் இசை செய்த மூன்று இளைஞர்களிடம் இந்தக் கருவி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் குமிழ்களை மனம் போனபடி திருகினார்கள். குழறலும் கீச்சலுமாக ஒரு விசித்திர ஒலி எழுந்தது. அதைப் பதிவு செய்து, ‘மியூசிக் பாக்ஸ்’ என்ற நடன அரங்கில் இசைத்தட்டுகள் போடும் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள்.

முதல் தடவை ஒலித்தபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிவிட்டார்கள். ஹார்டி விடவில்லை. அன்றிரவே மறுபடியும் போட்டார். நான்காம் தடவை அரங்கமே ஆர்ப்பரித்தது என்று அம்மூவரில் ஒருவரான டி.ஜே. பியர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று அது இசைத்தட்டாக வந்து, ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புது வகைக்கே வித்திட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த இசைத்தட்டைத் தயாரிக்க உதவிய மார்ஷல் ஜெஃபர்சன், அந்த விசித்திர ஒலியை மாற்றச் சொல்லவில்லை. வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னார். நிமிஷத்துக்குச் சுமார் 120 தட்டு என்று வைத்தார்கள். புதுமை வேறு, குறை வேறு என்று பிரித்தறிந்த விமர்சனம் அது!

எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

முதலில் கேள்வி கேட்க வேண்டும். இது ஆடுவதற்கா, இரவில் அமைதியாகக் கேட்பதற்கா, சினிமாக் காட்சிக்குப் பின்னணியா? நோக்கம் தெரியாமல் சொல்லும் குறை, தோசை கேட்டவனிடம் இட்லியைப் பழிப்பது போன்றது.

அடுத்து, இடத்தைக் காட்ட வேண்டும். “நடுவில் சரியில்லை” என்றால் அவன் எங்கே தேடுவான்? “1 நிமிஷம் 10 வினாடியில் மெட்டு மறைகிறது” என்றால் நேரே அங்கே போவான்.

காரணமும் தெரிந்தால் இன்னும் நல்லது. புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று: பெரிய டிரம்மின் அடியும் பேஸ் நாதமும் வினாடிக்குச் சுமார் 50 முதல் 100 அதிர்வு என்ற ஒரே கீழ்த்தளத்தில் மோதிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றை மூடிவிட, இரண்டும் சேர்ந்து வெறும் முழக்கமாகிவிடும். டிரம் விழும் கணத்தில் பேஸைச் சற்றே தணித்தால் இரண்டும் தெளியும். “இரைச்சல்” என்று சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் எத்தனை தூரம்!

கேட்கும் விதத்திலும் ஜாக்கிரதை தேவை. சிறிய போன் ஸ்பீக்கரில் கீழ்நாதம் ஏறக்குறைய வராது. அதை மட்டும் கேட்டுவிட்டுப் பேஸ் இல்லை என்று சொல்லக்கூடாது. சத்தத்தின் அளவும் காதை ஏமாற்றும். சத்தம் குறைந்தால், மற்ற ஸ்வரங்களைவிடக் கீழ்நாதம் அதிகமாக மங்குகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே உயர்ந்தது என்று தோன்றிவிடும். ஆகையால் பழைய பதிவையும் திருத்திய பதிவையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரே மூச்சில் இருபது குறைகளை அடுக்குவதும் தவறு. பெரிதாக ஒன்றிரண்டு போதும். நன்றாக அமைந்த இடத்தையும் இன்ன இடம் என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் திருத்துகிற வேகத்தில் அவன் அதையும் அழித்துவிடுவான்.

கேட்பவனுக்கும் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு குறைக்கும் சமாதானம் சொல்லக் கூடாது. மூன்று பேர் மூன்று விதமான வைத்தியம் சொல்லலாம். மூவரும் ஒரே இடத்தைத் தொட்டால், நோய் அங்கேதான் இருக்கிறது.

அக்கா சொன்னது

இதற்கெல்லாம் பெரிய சங்கீத ஞானம் வேண்டுமோ? வேண்டியதில்லை. மாடி அறை இளைஞன் கடைசியாகத் தன் அக்காவிடம் ஹெட்போனைக் கொடுக்கிறான். அவளுக்குக் கருவியும் தெரியாது, அதிர்வும் தெரியாது. கண்ணை மூடி முழுவதையும் கேட்கிறாள்.

“தம்பி, ஆரம்பத்திலே மணி மாதிரி ஒரு மெட்டு வருதே, அது ரொம்பப் பிடிச்சுது. திரும்ப வரும், வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். டிரம் வந்தப்புறம் அது எங்கேயோ போயிடுச்சே!”

இளைஞன் பதில் பேசவில்லை. அன்றிரவு மாடி அறையில் மறுபடியும் விளக்கு எரிகிறது. காணாமற்போன அந்த மெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான்.