நடுங்கும் கரங்களும் அழற்சியும்

நம் திருப்பூர்ப் பகுதியில் பனியன் தைத்தே பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோர் பலர். ஓவர்லாக் இயந்திரத்தில் விரைந்து இயங்கிய அக்கரங்கள் முதுமையில் நடுங்கத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்று நாம் வாளாவிருந்துவிடுகிறோம். நடுக்கத்தோடு நடை தளர்ந்து, கையெழுத்துச் சிறுத்து, முகத்தில் உணர்ச்சி குன்றினால், அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். 1817-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விளக்கி எழுதினார்.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிவதாலேயே இந்நோய் உண்டாகிறது. அவை ஏன் மடிகின்றன என்பதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. ஆயினும், இந்நோயுற்று இறந்தோரின் மூளையை 1988-இல் சோதித்த மக்கீர் என்னும் அறிஞரின் குழுவினர், அவ்விடத்தில் மூளையின் காவல் உயிரணுக்கள் கிளர்ந்தெழுந்திருக்கக் கண்டனர். புண்பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். அது போன்றதொரு நிலை மூளையிலும் நீடித்தால், காக்க வந்தவையே நல்ல உயிரணுக்களையும் சிதைக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதனை நாம் அறிவதால் என்ன பயன்? உடலில் வேறிடத்தில் தோன்றும் தொற்றும் அழற்சியும்கூட இந்நோயின் அறிகுறிகளை மிகுவிக்கக்கூடும். சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ கண்டால், நேற்று வரை நடந்தவர் இன்று எழ இயலாமல் போகலாம். மனம் குழம்பிப் பிதற்றலாம். காய்ச்சல் வெளியே தெரியாமலும் இருக்கலாம். வீட்டாரோ, "நோய் முற்றிவிட்டது" என்று நம்பிக்கை இழந்துவிடுகின்றனர். தொற்று நீங்கினால் பலர் தேறுகின்றனர் என்பதை அவர்கள் அறிவதில்லை.

1986-இல் சென்னைக்கு வருகை தந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலை நாம் மறக்கவில்லை. பல்லாண்டுகள் இந்நோயைப் பொறுமையுடன் தாங்கிய அவர், 2005 மார்ச் இறுதியில் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சலுற்று, ஏப்ரல் 2-இல் இறைவனடி சேர்ந்தார். இந்நோயாளருக்குத் தொற்று எத்துணைக் கொடியது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, நிலைமை திடீரென மோசமானால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டித் தொற்று உண்டா எனச் சோதிக்கச் செய்வோம். லெவோடோபா மாத்திரையை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அழற்சியைத் தணித்து இந்நோயை நிறுத்தும் மருந்து எதுவும் இன்னும் உறுதிப்படவில்லை. எனவே கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தகாது. போதிய நீர், மலச்சிக்கல் வாராத உணவு, நிமிர்ந்து அமர்ந்து மெல்ல உண்ணுதல், நாள்தோறும் நடை ஆகியவை நம்மால் இயன்றவை.

ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளே, நம்மை வளர்த்த அக்கரங்களைப் பற்றிக்கொண்டு மாலையில் சிறிது தூரம் உடன் நடப்போமா?