‘இல்லை’ என்பதற்குச் சான்று: தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் கோருநர் பட்டறிவும்

ஆய்வுச் சுருக்கம்

படித்தும் வேலையின்றி இருப்போருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகை, கோருபவரிடம் அவரது தகுதியோடு இன்மையையும் மெய்ப்பிக்குமாறு கேட்கிறது. வேலை இல்லை, போதிய வருவாய் இல்லை, கல்லூரியில் மாணவராக இல்லை என்னும் மூன்று இன்மைகளை ஆவணமாக்குவதே கோருதலின் பெரும்பகுதியாக உள்ளது. மாற்றுத்திறனாளி ஒருவரோ இதற்கு மாறாக, உடற்குறை ‘உண்டு’ என்பதைச் சதவீதத்தில் நிறுவ வேண்டியவராகிறார். இவ்விரு சான்றுமுறைகளும் ஒரே மனிதரிடம் வந்து சேரும்போதும், அவர் மேற்படிப்பை நாடும்போதும் தோன்றும் முரணை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உதவித்தொகை, வேலைவாய்ப்பகம், மாற்றுத்திறனாளி, முழுநேர மாணவர், நிருவாகச் சுமை, சுய உறுதிமொழி.

முன்னுரை

இந்திய அரசமைப்பின் 41-ஆம் உறுப்பு, வேலை பெறும் உரிமை, கல்வி பெறும் உரிமை, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவியைப் பெறும் உரிமை ஆகியவற்றை ஒரே தொடரில் வைத்துப் பேசுகிறது. அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்னும் வரையறையும் அதில் உண்டு. இது வழிகாட்டு நெறியாதலின் நீதிமன்றத்தின் வழி நிறைவேற்றிக்கொள்ள இயலாது. ஆயினும், வேலையும் கல்வியும் உதவியும் ஒரே உறுப்பில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. நடைமுறையில் இவை மூன்றும் வெவ்வேறு துறைகளுக்கும் படிவங்களுக்கும் உரியனவாகப் பிரிந்துவிட்டன. அப்பிரிவின் விளைவைக் கோருபவரின் நிலையிலிருந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கம். திட்டம் குறித்த அரசு அறிவிப்புகளும் உரிய சட்டப் பிரிவுகளும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திட்டத்தின் அமைப்பு

படித்து, மாவட்ட வேலைவாய்ப்பகத்தில் பதிவு செய்து, வேலை கிடைக்காமல் ஐந்து ஆண்டுகள் காத்திருப்போருக்கான இத்திட்டம் 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் தோல்வியுற்றோருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றோருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தோருக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 என மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. தொகை காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றோர் இதற்குத் தகுதியுடையோர் அல்லர்.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தளர்த்தப்பட்டுள்ளன. பதிவு செய்து ஓராண்டு காத்திருந்தால் போதும். வருமான உச்சவரம்பு இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, மேல்நிலைக் கல்விக்கு 750, பட்டத்திற்கு 1,000 ரூபாய் எனப் பத்தாண்டுகள் பெறலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 24-ஆம் பிரிவில், இவர்களுக்கான உதவி பிறருக்குரிய அதேபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மிகுந்திருக்க வேண்டும் என்கிறது. சிறப்பு வேலைவாய்ப்பகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிவில் இருந்தும் வேலை பெறாதோருக்கு வேலையின்மைப் படி வழங்குவதையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது. தொகையிலும் காத்திருப்புக் காலத்திலும் மாநிலத் திட்டம் சட்டத்தின் அளவைக் கடந்தே நிற்கிறது. ஆதலால் குறை, தொகையின் ஒப்பீட்டு அளவில் இல்லை. கோரும் முறையிலேயே தேடப்பட வேண்டும்.

இன்மையை மெய்ப்பித்தல்

பட்டம் பெற்றதற்குச் சான்றிதழ் உண்டு. வேலை இல்லாததற்குச் சான்றிதழ் தருவார் யார்? கோருபவர் அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ சுயதொழிலிலோ ஈடுபட்டிருக்கக் கூடாது என்பது விதி. இதனை மெய்ப்பிக்க இரண்டு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்று, வருவாய்த் துறையினரின் சான்று. மற்றொன்று, கோருபவரே ஆண்டுதோறும் அளிக்கும் சுய உறுதிமொழி ஆவணம். உறுதிமொழி அளிக்கத் தவறினால் தொகை நின்றுவிடும்.

இங்கு ‘வேலை’ என்னும் சொல் பெறும் பொருள் ஆராயத்தக்கது. சிற்றூர்ப் பட்டதாரி ஒருவர் மாலை வேளைகளில் நான்கு பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லித் தரலாம்; தீபாவளிப் பருவத்தில் துணிக்கடையில் ஒரு மாதம் நிற்கலாம்; அறுவடைக் காலத்தில் தந்தையுடன் வயலில் இறங்கலாம். ஊராரும் உறவினரும் இவற்றை வேலை என்று எண்ணுவதில்லை. ‘பையன் சும்மாதான் இருக்கிறான்’ என்பதே வீட்டின் கூற்றாக இருக்கும். விதியின் சொற்படி நோக்கினாலோ இவை ஊதியம் தரும் பணிகளே. ஆகவே உறுதிமொழியில் கையொப்பமிடும் நேரத்தில் அவர் ஊரின் பொருளில் உண்மையும் படிவத்தின் பொருளில் ஐயத்திற்குரிய ஒன்றும் சொல்பவராகிறார். மாதம் 600 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 20 ரூபாய். அத்தொகையைக் கொண்டு எவரும் வேறு வருவாயின்றி வாழ இயலாது என்பதைத் திட்டம் வகுத்தோரும் அறிவர். ஆயினும் வேறு வருவாய் இல்லை என்னும் உறுதியைத் திட்டம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹான் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட நூலில், அரசின் நலத்திட்டத்தை அணுகும் குடிமக்கள் ஏற்கும் ‘நிருவாகச் சுமை’யை மூன்றாகப் பகுத்தனர். திட்டத்தைப் பற்றி அறிந்துகொள்வதற்கான செலவு, அதன் நிபந்தனைகளுக்கு இணங்குவதற்கான செலவு, உளவியல் செலவு என்பன அவை. இங்கு முதலிரண்டும் எளிதில் புலப்படுவன: வேலைவாய்ப்பகம் இருக்கும் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்துக் கட்டணம், சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிச் செல்லும் நாள்கள், படிநகல்கள். கூலிக்குச் செல்பவர் இதற்காக ஒரு நாள் கூலியை இழந்தால், அந்த ஒரு நாளே ஒரு மாத உதவித்தொகையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மூன்றாவது செலவு கணக்கில் வராதது. தன் தோல்வியைத் தானே எழுதிக் கையொப்பமிட்டு, ஆண்டுக்கொரு முறை அதனைப் புதுப்பிப்பதால் நேர்வது அது.

இரத்தலின் இச்சிக்கல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறள் ‘இரவு’, ‘இரவச்சம்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளது. தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208-ஆம் பாடல் காட்டும். பரிசிலர்க்குரிய அந்த மறுப்பு, மனுதாரருக்கு வாய்ப்பதில்லை. அவர் குடிமகன் என்னும் நிலையில் 41-ஆம் உறுப்பின்வழிக் கேட்கிறார்; படிவமோ அவரை இரவலராகவே விளிக்கிறது.

காத்திருப்பு என்னும் தகுதி

ஐந்து ஆண்டுக் காத்திருப்பு, பதிவு உயிருடன் இருந்தால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும்; விடுபட்டோருக்கு அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிப்பதே இத்தவறு எத்துணைப் பரவலானது என்பதைக் காட்டும். திருப்பூருக்கோ சென்னைக்கோ இடம்பெயர்ந்து சில ஆண்டுகள் உழைத்து, வேலை இழந்து ஊர் திரும்பும் ஒருவரே புதுப்பித்தலை மறந்திருக்க வாய்ப்பு மிகுதி. உதவி மிகவும் தேவைப்படும் அவருக்கு எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

சதவீதமும் உடலும்

வேலையற்றவர் இன்மையை நிறுவ வேண்டுமெனில், மாற்றுத்திறனாளி உண்மையை அளந்து காட்ட வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. இடஒதுக்கீடு முதலிய சிறப்பு உரிமைகளுக்கு 40 விழுக்காடு என்பது வரையறை. ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் அரசு வழக்கில் ‘மாற்றுத்திறனாளி’ ஆயிற்று. ஆனால் சான்றிதழில் கேட்கப்படுவது மாற்றுத்திறன் அன்று, ஊனத்தின் சதவீதமே. பெயர் மாறியதுபோல் அளவுகோல் மாறவில்லை.

விழுக்காடு உடலை அளக்கிறது, வாழ்வை அளப்பதில்லை. காலில் ஒரே அளவு குறையுள்ள இருவரில், பேருந்து நிறுத்தத்திற்கு அருகே வாழ்பவருக்கும் மலைக் கிராமத்தில் வாழ்பவருக்கும் வேலை தேடும் ஆற்றல் ஒன்றாகாது. இதற்கு வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்ட பிரித்தானிய நடைமுறையை ஒப்பிடலாம். அங்கு 2013 முதல் வழங்கப்படும் ‘பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்’ என்னும் உதவி, உணவு சமைத்தல், உடுத்தல், வழியறிந்து செல்லல், நடத்தல் போன்ற செயல்களுக்குப் புள்ளிகள் இடுகிறது. எட்டுப் புள்ளிக்கு ஒரு நிலை, பன்னிரண்டுக்கு உயர்நிலை. வேலையில் இருந்தாலும் படித்துக்கொண்டிருந்தாலும் அத்தொகை நிற்பதில்லை. அம்முறையும் கோருவோருக்கு இனிதாக இல்லை. தீர்ப்பாயம் வரை சென்ற முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை கோருநருக்குச் சாதகமாக முடிந்துள்ளமை, முதல் மதிப்பீட்டின் தரத்தை ஐயுற வைக்கிறது. எனினும், உடற்குறையால் நேரும் கூடுதல் செலவுக்கான தொகையை வேலையின்மையிலிருந்து பிரித்துவைத்த கருத்து இங்கு எண்ணத்தக்கது.

மாணவர் என்னும் விலக்கு

தமிழ்நாட்டுத் திட்டத்தில் முழுநேர மாணவர் உதவித்தொகை பெற இயலாது. அஞ்சல்வழியிலோ தொலைதூரக் கல்வியிலோ பயில்வதற்குத் தடையில்லை. இவ்விதிக்குக் காரணம் உண்டு: முழுநேரம் பயில்பவர் வேலைக்கு ஆயத்தமாக இல்லை, அவருக்கெனத் தனிக் கல்வி உதவித்தொகைகள் உள்ளன. பொதுப்பிரிவினரைப் பொறுத்தவரை இது ஏற்கக்கூடியதே.

மாற்றுத்திறனாளியிடம் இதே விதி வேறொரு விளைவைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, இளங்கலை முடித்து மாதம் 1,000 ரூபாய் பெறும், கால் ஊன்றி நடக்க இயலாத பெண் ஒருவரைக் கருதலாம். அவர் பல்கலைக்கழகத்தில் முழுநேர முதுகலையில் சேர்ந்தால் அத்தொகையை இழப்பார். கல்வி உதவித்தொகைக்கு அவர் புதிதாக வேறொரு துறையை அணுக வேண்டும். கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும். மாதந்தோறும் தேவைப்படும் மூன்று சக்கர வண்டிப் பராமரிப்பும் தானிக் கட்டணமும் அதுவரை காத்திரா. அதே பாடத்தைத் தொலைதூரக் கல்வியில் பயின்றால் எதையும் இழக்க மாட்டார். படிக்கட்டும் கழிப்பறையும் பேருந்தும் முன்னரே அவரை வீட்டை நோக்கித் தள்ளுகின்றன. விதியும் அதே திசையில் தள்ளுகிறது. வகுப்பறை, நூலகம், ஆசிரியரோடு உரையாடல், உடன் பயில்வோர் வழி வரும் வேலைச் செய்தி ஆகியவை அவருக்குக் கிட்டாமற் போகின்றன. வேலையின்மைக்கான உதவி, வேலைக்கு இட்டுச்செல்லும் வழிகளுள் ஒன்றைக் குறுக்குவதை இங்குக் காணலாம்.

முனைவர்பட்ட ஆய்வாளர் நிலையும் இத்தகையதே. முழுநேர ஆய்வாளர் மாணவராகவே கருதப்படுவார். நெட் தேர்வில் தகுதி பெறாதோருக்கான மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது; மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை ஏதும் வாய்க்காதவர், வேலையற்றவராகவும் எண்ணப்படாமல் ஊதியம் பெறுபவராகவும் இல்லாமல் நான்கைந்து ஆண்டுகளைக் கடக்கிறார். அவர் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பின், பதிலி எழுத்தாளர், ஒலிவடிவ நூல், திரைவாசிப்பான் ஆகியவற்றின் செலவும் சேரும்.

பத்தாண்டுக்குப் பின்

பத்தாண்டுகள் முடிந்ததும் மாற்றுத்திறனாளியின் வேலையின்மை உதவித்தொகை நிற்கும். உடற்குறைச் சான்றிதழில் ‘நிரந்தரம்’ என்று எழுதப்பட்டிருந்தாலும் முடிவு இதுவே. வேலைவாய்ப்பகத்தில் பதிவு மட்டும் தொடரும். உதவித்தொகை பெற்றதால் பதிவு நீக்கப்படாது என்பதை அரசு அறிவிப்புகள் தெளிவாகவே கூறுகின்றன. அடுத்து அவர் நாடக்கூடியது வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 80 விழுக்காட்டுக் குறைபாட்டையும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையையும் கேட்பது. முந்தைய பத்தாண்டுகளில் அவரிடம் கேட்கப்படாத வருமானம் இப்போது கேட்கப்படும். 40 விழுக்காட்டில் ஏற்கப்பட்ட உடல் அந்த மத்தியத் திட்டத்திற்கு 80-ஐ எட்ட வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையும் ஊதியம் பெறாத அவர், முப்பது வயதைக் கடந்த நிலையில், ‘ஓய்வூதியம்’ என்று தலைப்பிட்ட படிவத்தை நிரப்பிக்கொண்டு மீண்டும் கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்திற்குச் செல்கிறார்.