போதும் என்று பிள்ளை எப்படிச் சொல்லும்?



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கப்படும் இந்த ஊழியத்தில், குழந்தைகள் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சிருச்சான்னு எப்படி டாக்டரம்மா தெரிஞ்சுக்கிறது?" கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை ஒரு குழந்தை தேறுவதும் நலிவதும் பெரும்பாலும் இதற்கான பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

பள்ளத்தாக்கின் நிலைமை

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரால் நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் பூமி இது. ஆனாலும் மெலிந்த குழந்தைகள் இங்கே உண்டு. கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து ஏராளமான பெண்கள் காலையிலேயே ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். பகலெல்லாம் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். ஜீப் வரும் அவசரத்தில் தாய் நாலு வாய் திணித்துவிட்டு ஓடுகிறாள். பகலில் பாட்டி கஞ்சித்தண்ணீரைச் சங்கில் ஊற்றுகிறாள். முதலாவதில் பிள்ளை போதும் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டாவதில் வயிறு நிரம்பியும் உடம்புக்குப் போதவில்லை. ஆகவே நாங்கள் தாய்மாருக்கு இரண்டு சாட்சிகளைக் கேட்கும்படி சொல்லுகிறோம்.

முதல் சாட்சி: பிள்ளையின் முகம்

பசியுள்ள குழந்தை கரண்டியைக் கண்டதும் வாயைத் திறக்கும், முன்னால் சாயும், கையை நீட்டும். போதுமென்றால் தலையைத் திருப்பும், வாயை இறுக மூடும், கரண்டியைத் தட்டிவிடும், உணவை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கும். ஒருமுறை தலையைத் திருப்பினால் சற்றுப் பொறுத்து மீண்டும் ஒரு வாய் காட்டலாம். மறுபடியும் மறுத்தால் நிறுத்திவிட வேண்டும். மூக்கைப் பிடித்தோ படுக்கவைத்தோ ஊற்றினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தொடக்க வாரங்களில் நாக்கால் வெளியே தள்ளுவது மட்டும் மறுப்பு அல்ல, பழக்கமின்மை. அதே உணவைப் பல நாள் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தையின் பசியை நம்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் மருத்துவர் 1926-ல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்பாகப் பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், கனி ஆகியவை தட்டில் வைக்கப்பட்டன. செவிலியர் எதையும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் அதிகமும் மறுநாள் கொஞ்சமுமாகத் தாங்களே தெரிந்தெடுத்து உண்ட அந்தக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன. அவர் 1939-ல் இதைப்பற்றி எழுதியபோது, தட்டில் வைத்தவை எல்லாம் சர்க்கரை சேராத நல்ல உணவாக இருந்ததே காரணம் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

தட்டில் இருப்பது என்ன?

இங்கேதான் கஞ்சித்தண்ணீரின் கேடு விளங்குகிறது. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினாலும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே கேப்பைக்கூழோ குழைந்த பருப்புச் சோறோ, கரண்டியைச் சரித்தாலும் வழிந்தோடாமல் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ப்பது நல்லது. முட்டை, முருங்கைக்கீரை, வாழைப்பழம், அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு எல்லாம் ஏற்றவை. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு பிஸ்கட்டோ தேநீரோ கொடுத்துப் பசியைக் கெடுக்கக் கூடாது.

ஆறு மாதம் நிறைந்ததும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் முதல் அதே அரைக் கிண்ணம், மூன்று அல்லது நான்கு வேளை. ஒரு வயதுக்குமேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். இது 250 மில்லி கிண்ணக் கணக்கு. தோட்டத்துக்குப் போகும் தாய் காலையிலும் இரவிலும் தாய்ப்பால் கொடுப்பதை இரண்டு வயது வரையாவது விடக்கூடாது. இது வழிகாட்டும் அளவுதான். தீர்த்துவிட்டே எழ வேண்டும் என்பதல்ல.

இரண்டாவது சாட்சி: தராசு

ஒரு வேளைக்குப் போதுமா என்பதை முகம் சொல்லும். ஒரு மாதத்துக்குப் போதுமா என்பதைத் தராசுதான் சொல்லும். பிள்ளையின் எடையை மாதந்தோறும் அட்டையில் கோடாக வரையும் முறையை உலகுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் மருத்துவர் டேவிட் மோர்லி. 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இலேஷா நகரத்து மெதடிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் ஊழியம் செய்தபோது அவர் இதை உருவாக்கினார். நம் பகுதிக்கும் இது புதிதல்ல. 1980-ல், தேனி இன்னும் மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அம்மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

பிறந்த எடை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகும். ஒரு வயதில் மூன்று மடங்காகும். பிற்பாதியில் வேகம் குறைவது இயல்பு. அதற்காகப் பயந்து திணிக்க வேண்டாம். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், "என் பிள்ளை நாலு வாய்தான் தின்னுது" என்று தாய் கலங்க வேண்டியதில்லை. கோடு படுத்துவிட்டால், பிள்ளை கிண்ணத்தைக் காலிசெய்தாலும் நாம் விசாரிக்க வேண்டும். கஞ்சி நீர்த்ததா? பகலில் ஊட்டுவது யார்? காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா? நோயில் பசி மந்தமாகும். அப்போது கொஞ்சங்கொஞ்சமாகப் பலமுறை கொடுத்து, குணமானபின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூட்டிக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு உங்கள் உதவி

தாய் வரும்போது பாட்டியையும் கூட்டிவரச் சொல்லுகிறோம். பகலில் கரண்டி பிடிப்பது அவர்கள் கைதான். ஓர் எடைக்கருவி, ஓர் அட்டை, பொறுமையாக உட்கார்ந்து பேசும் ஒரு செவிலியர் சகோதரி: இவ்வளவே தேவை. நீங்கள் அனுப்பும் காணிக்கை இப்படிப்பட்ட சிறிய காரியங்களாகவே பிள்ளைகளைச் சென்றடைகிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று மீத்துவைத்தவர்களிடம் அது கெட்டுப்போனதை நாம் அறிவோம். குறையாமலும் திணிக்காமலும் அன்றன்றைய அளவைக் கற்பிக்கிற தேவன், இப்பள்ளத்தாக்கின் தாய்மாருக்கும் அந்த ஞானத்தை அருள்வாராக.

ஜெபக் குறிப்புகள்: மலைப்பாதையில் தினமும் ஜீப்பில் போய்வரும் தாய்மாரின் பாதுகாப்புக்காகவும், எடை ஏறாத பிள்ளைகளுக்காகவும், அவர்களை வளர்க்கும் பாட்டிமாருக்காகவும் ஜெபியுங்கள்.