காண்டாமிருக வண்டா? முதல்ல எருக்குழியைக் கிளறிப் பாருங்க!

கீழக்குயில்குடி, நாகமலை பக்கம் தென்னை வச்சிருக்கீங்களா? புதுசா விரியுற ஓலை, கத்தரிக்கோலால் வெட்டின விசிறி மாதிரி இருந்தா அது காண்டாமிருக வண்டின் வேலை. பனை, பேரீச்சையையும் இது விடாது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. இளங்கன்றில் அதைக் குடைஞ்சுட்டா கன்றே பட்டுப்போகும்.

வழக்கமா நாம கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுப்போம். நல்லதுதான். ஆனா மரத்தில் இருப்பது வளர்ந்த வண்டு மட்டும். அது முட்டையிடுவது சாணக் குழியிலும் மக்கின தென்னை மரத்திலும். வெள்ளைப் புழுக்கள் மாதக்கணக்கில் அங்கேதான் வளருது. அதாவது, நம்ம எருக்குழிதான் வண்டுப் பண்ணை!

இங்கேதான் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை உதவுது. மண்ணில் இயற்கையாவே இருக்கும் பூஞ்சை இது. 1879-ல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், கோதுமையைத் தாக்கிய வண்டில் இதைக் கண்டு விவரிச்சார். (பிறகு 1908-ல் நோபல் பரிசு வாங்கினார், அது வேற ஆராய்ச்சிக்கு.) புழு இதைத் தின்னவேண்டிய அவசியமில்லை. வித்து தோலில் ஒட்டினாலே போதும். முளைச்சு, தோலைத் துளைச்சு உள்ளே பரவும். செத்த புழு முதலில் வெள்ளையா, அப்புறம் பச்சையா மாறும். அதிலிருந்து வரும் வித்துக்கள் அடுத்த புழுக்களுக்கும் பரவும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, 250 மில்லி மெட்டாரைசியம் கல்ச்சரை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிக்கணும். பொடியா வாங்கினா பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்க, முகக்கவசம் போட்டுக்கோங்க.

இது உயிருள்ள பொருள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நம்ம மதுரை வெயிலில் காய்ஞ்ச குழியில் கொட்டினா காசு வீண். சாயங்காலமா தெளிங்க, குழியை ஈரமா வச்சிருங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் ரொம்பத் தோது. பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கவே கூடாது. வாங்கும்போது காலாவதித் தேதியையும் பாருங்க. ஒரே நாளில் பலன் தெரியாது. புழு சாக நாளாகும். அதுவரை கொக்கியையும் கைவிடவேண்டாம்.

எங்கே கிடைக்கும்? உங்க வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு இருக்கான்னு கேளுங்க. மானியத் திட்ட விவரம் ‘உழவன்’ செயலியில் இருக்கு. சந்தேகம்னா கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணமில்லா எண், தமிழிலேயே பேசலாம். கூப்பிடும் முன்னாடி ஓலையையும், குழியில் கிடைச்ச புழுவையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வேளாண் அலுவலரிடம் காட்ட உதவும்.