குப்பை வண்டியும் குடும்பக் கணக்கும்

வண்டியூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தைப்பூசத் தெப்பம்தான் நினைவுக்கு வரும். ஆனால், சகோதரிகளே, அங்கே குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெப்பம் வருஷத்துக்கு ஒரு நாள்; குப்பை வண்டியோ தினசரி வேண்டும்! அந்த வண்டியைத் தள்ளி வருகிற அம்மாளுக்கு என்ன சம்பளம் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

2025 ஆகஸ்டில் சென்னையில் அந்தக் கேள்வி வீதிக்கு வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையை மாநகராட்சி தனியாரிடம் ஒப்படைத்தது. மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள், அது 17,000 அளவுக்கு இறங்கிவிடும் என்று அஞ்சினார்கள். பெரும்பாலோர் பெண்கள். ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நடைபாதையை விட்டு அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதே மாதம் மதுரைத் துப்புரவுத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

"செலவைக் குறைக்கிறோம்" என்று ஒரு மாநகராட்சி சொன்னால் நமக்கு நியாயமாகத்தான் தோன்றும். மாதக் கடைசியில் நாமும் அதைத்தானே செய்கிறோம்! ஆனால் நம் வீட்டில் யார் தட்டில் குறைகிறது என்பது நமக்குத் தெரியும். மாநகராட்சிக் கணக்கில் அது தெரிவதில்லை, கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. வண்டியூர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கின. அங்கே போய், "எங்கள் தெருவுக்கு எத்தனை ஆள்? அவர்களுக்கு என்ன கூலி? ஒப்பந்தக்காரர் தவறினால் யாரைக் கேட்பது?" என்று கேளுங்கள். அதற்கு மேடைப் பேச்சு தெரிய வேண்டாம். காய்கறிக்காரரிடம் கணக்குக் கேட்கிற வாய் போதும்!