அயர்லாந்தில் முன்னோரைத் தேடுதல்

1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அயர்லாந்துத் தீவில் 81 இலட்சத்து 75 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். அதன்பின் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. ஐரோப்பாவின் ஏனைய நாடுகள் பல மடங்கு பெருகின. அயர்லாந்தின் சனத்தொகையோ இன்றும் எழுபது இலட்சம் அளவிலேயே நிற்கின்றது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றியது. ஏழை மக்களுக்கு அக்கிழங்கன்றி வேறு உணவு இல்லை. அடுத்து வந்த சில ஆண்டுகளில் பத்து இலட்சம் பேர் வரை பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் நீங்கிய பின்னரும் கப்பலேறுதல் நிற்கவில்லை. இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாத்திரம் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் தம்மை ஐரிஷ் வழியினர் என்று கூறிக்கொள்கின்றனர்.

இவருட் பலர் தம் பாட்டனும் பூட்டனும் பிறந்த மண்ணைக் காண விழைந்து ஆண்டுதோறும் டப்ளின் நகருக்கு வருகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கையிற் கொண்டுவருவன ஒரு பெயரும், 'அயர்லாந்து' என்னும் ஒரு சொல்லுமே. இவ்விரண்டையும் கொண்டு ஒருவரைத் தேடுதல், 'யாழ்ப்பாணத்துக் கந்தையா' என்பதை மாத்திரம் கொண்டு ஒருவரைத் தேடுதல் போலாகும். அவ்வாறு வருவோர் காதில் முதலில் விழும் செய்தி, 'ஏடுகள் எல்லாம் 1922இல் எரிந்துபோயின' என்பது. இது பாதி உண்மையே. எது எரிந்தது, எது எரியவில்லை, எரிந்ததன் நிழல் எங்கே கிடக்கின்றது என்பவற்றை அறிந்தாலன்றி அயர்லாந்திற் கொடிவழி தேடுதல் இயலாது.

டப்ளின் நகரில் லிபி ஆற்றங்கரையில் 'நான்கு நீதிமன்றங்கள்' எனப்படும் பெரிய கட்டடம் உள்ளது. அதன் வளவில் அரசாங்கச் சுவடிச்சாலை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கிய ஏடுகள் அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தன. பிரித்தானியாவோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்பதில் ஐரிஷ் மக்கள் இரு கூறாயினர். உடன்படிக்கையை மறுத்தோர் 1922 ஏப்ரலில் அக்கட்டடத்தைக் கைப்பற்றினர். யூன் 28ஆம் நாள் அரசாங்கப் படை பீரங்கியாற் சுடத் தொடங்கியது. 30ஆம் நாள் நிகழ்ந்த பெருவெடிப்பிலும் தீயிலும் சுவடிச்சாலை அழிந்தது. கருகிய கடதாசித் துண்டுகள் நகரத் தெருக்களில் மழைபோல் வீழ்ந்தன. ஏழு நூற்றாண்டுகளின் எழுத்து ஒரு பிற்பகலிற் சாம்பலாயிற்று.

எனினும் எல்லாப் பழியையும் அந்தத் தீயின்மேற் சுமத்துதல் தகாது. 1821, 1831, 1841, 1851ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பு ஏடுகளே அத்தீயில் எரிந்தவை. கவன், அன்ரிம் முதலிய சில மாவட்டங்களுக்குரிய சிறு பகுதிகள் மாத்திரம் தப்பின. 1861, 1871ஆம் ஆண்டுகளின் ஏடுகளைக் கூட்டுத்தொகை எடுத்து முடித்தபின் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதலாம் உலக யுத்த காலத்திற் கூழாக்கப்பட்டன. ஆக, நான்கு ஏடுகளைப் போர் கொண்டது. மற்றை நான்கையும் அலுவலகம் கொண்டது. பீரங்கிக்கு அஞ்சும் வரலாற்றறிஞர் எழுதுவினைஞர்க்கும் சற்று அஞ்சுதல் நன்று. முழுமையாக எஞ்சியுள்ள பழைய மதிப்புக்கள் 1901, 1911 ஆகிய இரண்டுமே. அவற்றை அயர்லாந்தின் தேசியச் சுவடிச்சாலை இப்பொழுது கணனி வழியே எவரும் கட்டணமின்றிப் பார்க்க வைத்துள்ளது.

ஆனால் பஞ்சத்திற் கப்பலேறியவனை 1901இல் எங்ஙனம் காண்பது? அவனைக் காணவேண்டுமெனின் கேள்வியையே மாற்றவேண்டும். 'அவனைப் பற்றி யார் எழுதிவைத்தார்?' என்று கேட்பதிற் பயனில்லை. ஏழையின் வரலாற்றை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. 'அவனை எண்ணவேண்டிய தேவை யாருக்கு இருந்தது?' என்று கேட்டால் விடை கிடைக்கும். வரி வாங்குவோனுக்கு இருந்தது; நிலக்கிழாருக்கு இருந்தது; குருவானவருக்கும் இருந்தது.

அந்நாளில் அயர்லாந்தின் உழவர், தாம் எச்சமயத்தவராயினும், அரசாங்கச் சார்பான அங்கிலிக்கன் திருச்சபைக்குத் 'தசமபாகம்' என்னும் வரி இறுத்தல் வேண்டும். கத்தோலிக்கராகிய பெரும்பான்மையோர்க்கு இது ஆறாப் புண்ணாக இருந்தது. ஆயினும் அந்த வெறுக்கப்பட்ட வரியை விதிக்கும்பொருட்டு 1823 தொடக்கம் 1837 வரை தயாரித்த புத்தகங்களே, பஞ்சத்துக்கு முந்திய உழவர் பெயர்களை இன்று நமக்குக் காட்டுவன. அடுத்து வருவது றிச்சட் கிறிவித் என்பவரின் மதிப்பீடு. 1847 தொடக்கம் 1864 வரை வெளியான இது, நம்மவர் தோம்பு என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. இன்ன குறிச்சியில் இன்னார் குடியிருக்கின்றார், நிலம் இன்னாருடையது, பரப்பு இவ்வளவு, பெறுமதி இவ்வளவு என்பனவற்றை அது கூறும். மனைவி மக்கள் பெயர் அதில் இரா. ஒரே பெயருடைய இருவர் ஒரே குறிச்சியில் வாழின், தந்தை பெயரையோ தலைமயிரின் நிறத்தையோ அடைப்பில் இட்டு வேறுபடுத்துவர்.

இவ்விரு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுதே பஞ்சம் கண்முன் தோன்றும். தசமபாகப் புத்தகத்திற் பன்னிரண்டு குடும்பம் காணப்பட்ட ஒரு குறிச்சி, கிறிவித்தின் ஏட்டில் ஓர் இடையனையும் நூறு ஏக்கர் மேய்ச்சல் நிலத்தையும் மாத்திரம் உடையதாக இருத்தல் கூடும். இடைப்பட்ட பன்னிருவர் இறந்தனரோ, வெளியேற்றப்பட்டனரோ, கப்பலேறினரோ, ஏடு சொல்லாது. மேற்குக் கரையோர மாவட்டங்களில் மதிப்பீடு பஞ்சம் கழிந்த பின்னரே நடைபெற்றமையால், இத்தகைய வெற்றிடங்களை அங்கே மிகுதியாகக் காணலாம். மதிப்பீட்டு அலுவலகத்தார் பின்னர்க் குடியிருப்போர் மாறுந்தோறும் பழைய பெயரை வெட்டி, ஆண்டுக்கொரு நிற மையாற் புதுப்பெயர் எழுதிவந்தனர். மையின் நிறத்தைக் கொண்டு ஒரு தந்தை இறந்த ஆண்டையோ ஒரு குடும்பம் ஊரைவிட்ட ஆண்டையோ ஏறக்குறையத் துணியலாம்.

எரிந்துபோன குடிசன மதிப்பின் நிழல் எதிர்பாராத ஓரிடத்திற் கிடைக்கின்றது. 1908ஆம் ஆண்டு முதியோர் உபகாரச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. எழுபது வயது நிரம்பிய ஏழைக்கு வாரம் ஐந்து சிலிங் வரை கொடுப்பதென அது விதித்தது. வயதை எங்ஙனம் நிறுவுவது? அயர்லாந்தில் எல்லோர்க்கும் உரிய பிறப்பு, இறப்புப் பதிவு 1864 சனவரி முதலாந் தேதியே தொடங்கியது. ஆகவே 1909இல் எழுபது வயதினராக இருந்த ஒருவரிடமும் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. 1839 சனவரி 6ஆம் நாள் இரவு அத்தீவைச் சூறையாடிய பெருங்காற்று தமக்கு நன்றாக நினைவிருக்கின்றதெனக் கிழவரும் கிழவியரும் வந்து சான்று கூறினர். அவ்விரவிற்குப் பின்னர்ப் பிறந்தோருட் சிலர்க்கும் அந்நினைவு இருந்தது போலும்! 1901இற்கும் 1911இற்கும் இடையில், பத்தாண்டுக்குள் பதினைந்து வயது முதிர்ந்தோரைக் குடிசன மதிப்பு ஏடுகளிற் காணலாம். ஐயமுற்ற அதிகாரிகள் சுவடிச்சாலைக்கு எழுதி, 1841, 1851ஆம் ஆண்டு ஏடுகளில் அக்கிழவர் குழந்தையாகப் பதியப்பட்டுள்ளாரா எனப் பார்ப்பித்தனர். தாய் தந்தையர் பெயரும் ஊரும் குறித்த அத்தேடல் விண்ணப்பங்களும், கண்டறிந்தவற்றை எழுதிய குறிப்புக்களும் இன்றும் உள. மூல ஏடு எரிந்தது. ஒரு கிழவியின் ஐந்து சிலிங்குக்காக அதிலிருந்து எடுத்த நான்கு வரி பிழைத்தது.

மரணசாதனங்களின் கதையும் இதனை ஒத்ததே. மூலப் பத்திரங்கள் எரிந்தன. ஆனால் அதற்கு நெடுநாள் முன்னரே சேர் வில்லியம் பெதம் என்னும் குலமரபு அதிகாரி 1800ஆம் ஆண்டுக்கு முற்பட்ட உயர்நீதிமன்ற மரணசாதனங்களிலிருந்து உறவுமுறைகளைத் தம் குறிப்பேடுகளிற் பெயர்த்தெழுதியிருந்தார். அவை தப்பின. ஆயினும் மரணசாதனம் எழுதுமளவு உடைமை உள்ளோரே அவற்றில் இடம்பெறுவர்.

கோயிற் பதிவேடுகளில் ஊழின் விளையாட்டு இன்னும் வியப்பானது. அங்கிலிக்கன் திருச்சபையின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைக் காப்பாக வைத்தற்பொருட்டு டப்ளினுக்கு அனுப்புமாறு 1876இற் சட்டம் ஏற்பட்டது. அங்ஙனம் அனுப்பப்பட்டவற்றுள் ஏறக்குறைய ஆயிரம் பங்குகளின் ஏடுகள் எரிந்தன. தம் ஊரிலேயே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றோரின் ஏடுகள் பிழைத்தன. பெரும்பான்மையோராகிய கத்தோலிக்கரின் பதிவேடுகளை அரசாங்கம் கேட்கவேயில்லை. அப்புறக்கணிப்பே அவற்றைக் காத்தது. அவை இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டவை. ஜேம்ஸ் என்பவன் அங்கே யக்கோபுஸ் ஆகிவிடுவான். ஏழ்மை மிகுந்த பங்குகளில் 1820இற்குப் பின்னரே பதிவு தொடங்கும். ஆயினும் தாயின் கன்னிக்குலப் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் அவை பெரும்பாலும் கூறும். ஞானப்பெற்றோர் அநேகமாக நெருங்கிய உறவினர் ஆதலால், அவ்விரு பெயர்களையும் தள்ளிவிட்டுப் படிப்போர் பாதிச் செல்வத்தை இழப்பர். அயர்லாந்துத் தேசிய நூல்நிலையம் இவற்றைப் படமெடுத்து, 2015 யூலையில் எல்லோர்க்கும் திறந்துவிட்டது.

1864இற்குப் பிந்திய அரசாங்கப் பதிவை நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிந்தால் தண்டம் உண்டு. தண்டத்துக்கு அஞ்சிய தந்தை பிறந்த நாளைச் சற்றுப் பின்தள்ளிக் கூறுவான். ஆகவே கோயிலேட்டின்படி சித்திரையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, அரசாங்க ஏட்டின்படி வைகாசியிற் பிறந்திருக்கும்!

இனிப் பெயர்களைப் பற்றிக் கூறுதல் வேண்டும். தேடுவோர் வழிதவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஐரிஷ் குலப்பெயர்களில் 'ஓ' என்பது பேரன் எனவும், 'மக்' என்பது மகன் எனவும் பொருள்படும். ('மக்' என்பதைக் கேட்டுத் தமிழர் வியத்தல் கூடும், ஒலி ஒற்றுமை தற்செயலே.) ஆங்கில ஆட்சி இறுகிய காலத்தில் இம்முன்னொட்டுக்கள் உதிர்ந்தன, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டுணர்ச்சி எழுந்தபொழுது பல குடும்பங்கள் அவற்றை மீட்டும் ஒட்டிக்கொண்டன. ஆதலால் ஒரே குடும்பத்துத் தந்தை கொன்னராகவும் மகன் ஓகொன்னராகவும் காணப்படலாம். சில பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன. கொல்லன் மகன் எனப் பொருள்படும் மக்கோவன் என்பான் ஸ்மித் ஆனான். தச்சன் மகனாகிய மக்கற்றீர் சிலவிடத்துக் காப்பென்றர் ஆனான். தச்சனைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லுக்குச் சுதந்திரன் என்னும் பொருளும் உண்மையால், வேறு சிலவிடத்து விறீமன் ஆனான். எழுத்தறியாதவன் வாய்ச்சொல்லை ஐரிஷ் அறியாத எழுதுவினைஞன் தன் செவிக்கு எட்டியவாறு எழுதினான். எழுத்துக்கூட்டலைப் பற்றிக்கொண்டு, 'எங்கள் குடும்பம் இவ்வாறு எழுதுவதில்லை' என்று ஏட்டை மூடுவோர் எதனையும் காணார்.

இலங்கை வரலாறு கற்போர் அறிந்த ஒருவரே இதற்கு உதாரணமாவார். 1845 தொடக்கம் 1850 வரை இந்நாட்டின் குடியேற்றக் காரியதரிசியாக இருந்தவரும், 1859இல் இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவருமான சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1804இற் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்தவர். அந்நகரப் பதிவேடுகளில் 'தெனன்ற்' எனத் தேடுவோர் அவர் பிறப்பைக் காணமாட்டார். அவர் பிறந்தது ஜேம்ஸ் எமர்சனாகவே; தெனன்ற் என்பது மனைவியின் குடும்பப் பெயர்.

பெயர் மயக்கும் இடத்தில் பெயரிடும் முறை கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயரும் இடுதல் அங்கே பெருவழக்கு. பாட்டன் பெயரைத் தாங்குவோன் 'பெயரன்' ஆதலாற் பேரன் எனப்பட்டான் என்பதை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயர்களைப் பிறப்பு வரிசையில் எழுதினால், ஏடு காட்டாத பாட்டனின் பெயர் ஓரளவு புலப்படும்.

அப்படியாயினும் ஊர் தெரியாவிடிற் பயனில்லை. அயர்லாந்தின் 32 மாவட்டங்களில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குறிச்சிகள் உள. குறிச்சி தெரிந்தால் பங்கு தெரியும்; பங்கு தெரிந்தால் ஏடு தெரியும். அக்குறிச்சியின் பெயரை அயர்லாந்தில் தேடுதல் கூடாது; குடியேறிய நாட்டிலேயே தேடுதல் வேண்டும். கல்லறைக் கல்லிலும் விவாகப் பதிவிலும் அது ஒளிந்திருக்கும். பொஸ்ரன் நகரத்துப் 'பைலற்' பத்திரிகை 1831 தொடக்கம் 1921 வரை, காணாமற்போன உற்றாரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டுவந்தது. இன்ன மாவட்டத்து இன்ன பங்கிலிருந்து வந்த தம்பி எங்கே எனத் தமக்கையும், கணவன் எங்கே என மனைவியும் கேட்ட பல்லாயிரம் வினாக்கள் அதில் உள. நியூயோர்க்கில் 1850இல் ஐரிஷ் குடியேறிகளுக்கென ஒரு சேமிப்பு வங்கி தொடங்கியது. கையொப்பமிட அறியாதோர் பலர் ஆதலால், வங்கியார் ஆளை அடையாளங் காண்பதற்குப் பிறந்த ஊர், வந்த கப்பல், தாய் தந்தையர், உடன்பிறந்தார் என்பவற்றைக் கேட்டு எழுதிவைத்தனர். வேறெங்கும் தடயமில்லாத வேலைக்காரப் பெண் ஒருத்தியின் குடும்பம் முழுவதும் அங்கே ஒரு பக்கத்தில் இருக்கும்.

இம்முறையாற் பெற்ற வெற்றிகளுள் உலகறிந்தது பராக் ஒபாமாவின் முன்னோரைக் கண்டதாகும். அவருடைய தாய்வழிப் பூட்டனுக்கும் முந்திய தலைமுறையினரான பல்மத் கேர்ணி, செருப்புத் தைக்கும் ஒருவரின் மகன்; 1850இல் அமெரிக்கா சென்றவர். அமெரிக்க ஏடுகள் வழியே ஒபலி மாவட்டத்து மணிகோல் என்னும் சிற்றூர் தெரியவந்தது. 2007இல் அவ்வூர் அங்கிலிக்கன் குருவானவர் பழைய பதிவேடுகளைப் பார்த்து அக்குடும்பத்தைக் கண்டார். அவ்வேடுகள் ஊரிலேயே கிடந்தமையாற் பிழைத்தவை. 2011 மே 23ஆம் நாள் அமெரிக்கச் சனாதிபதி மணிகோலின் ஒற்றைத் தெருவில் நடந்தார்.

எரிந்த சுவடிச்சாலையையும் அறிஞர் கைவிட்டுவிடவில்லை. தீ விபத்துக்கு மூன்று ஆண்டு முன்னர், 1919இல், ஹேபேட் வூட் என்னும் அதிகாரி அங்கிருந்த ஏடுகளுக்கெல்லாம் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருந்தார். எதனை இழந்தோம் என்பதை அந்நூல் கொண்டே அறிகின்றனர். டப்ளின் திரித்துவக் கல்லூரியார் அதனை அடியாகக் கொண்டு, உலகின் பிற சுவடிச்சாலைகளிற் கிடக்கும் படிகளையும் பெயர்ப்புக்களையும் திரட்டி, 2022 யூனில், தீயின் நூறாம் ஆண்டு நிறைவில், கணனியில் ஒரு மாற்றுச் சுவடிச்சாலையைத் திறந்தனர். தீயணைந்தபின் இடிபாட்டிற் பொறுக்கிய கருகிய ஏடுகளும் உள. பழுப்புக் கடதாசியிற் பொதிந்து கட்டிய அப்பொதிகள் பல பத்தாண்டுகளாகத் திறவாது கிடந்தன. அவற்றை இப்பொழுது ஒவ்வொன்றாக அவிழ்த்து, சுருங்கிய தோலேடுகளை ஈரமூட்டி விரித்து, எழுத்துத் தெரியும் அளவு வாசித்து வருகின்றனர்.